சித்தியின் தட்டு

பத்து வயதில் எனக்கு ஒரு பதவி இருந்தது. எங்கள் வீட்டு பிரிட்ஜுக்கு நான்தான் அதிகாரி. யாரும் நியமிக்கவில்லை, நானே எடுத்துக்கொண்டது. பாடசாலை வான் என்னை இரண்டு மணிக்குக் கொழும்பு வெள்ளவத்தையில் எங்கள் ஒழுங்கை முகப்பில் இறக்கிவிடும். கழுத்தில் தொங்கும் திறப்பால் கதவைத் திறந்து உள்ளே போனால், அம்மா கோட்டையிலுள்ள கந்தோரில் வேலை முடிந்து ஆறு மணிக்கு வரும்வரை வீட்டில் சத்தம் போடுவது அந்த பிரிட்ஜ் ஒன்றுதான். அப்பாவுக்குக் கண்டியில் வேலை. சனிக்கிழமை வந்து ஞாயிறு பின்னேரம் போய்விடுவார். மற்ற நாட்களில் பின்னேரம் முழுவதும் நானும் பிரிட்ஜும்தான்.

அதற்குள் ஒவ்வொன்றுக்கும் ஓர் இடம் வைத்திருந்தேன். மேல்தட்டில் பாலும் தயிரும், நடுத்தட்டில் முதல்நாள் கறிகள், கீழே மரக்கறி. பச்சை மிளகாயைக் காம்பு கிள்ளி வைப்பேன், கறிவேப்பிலையைப் பத்திரிகைத் தாளில் சுற்றி வைப்பேன். பிரீசரில் மீன் எல்லாம் ஐஸ்கிரீம் டப்பாக்களில் இருக்கும். அந்த டப்பாக்களில் எப்போது ஐஸ்கிரீம் இருந்தது என்று எனக்கு நினைவில்லை. அம்மா அவசரத்தில் ஒரு போத்தலை இடம் மாற்றி வைத்துவிட்டால் அன்று முழுக்க முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருப்பேன். இவளைக் கட்டிக் கொடுக்கும்போது பிரிட்ஜையும் சேர்த்துத்தான் அனுப்ப வேண்டும் என்று அப்பா பகிடி பண்ணுவார். வேறு விளையாட்டு இல்லாத பிள்ளை என்று அவருக்குத் தோன்றியிருக்குமோ தெரியாது. எனக்குத் தோன்றியிருக்கிறது.

சித்தி அதே கட்டடத்தில் நான்காம் மாடியில் இருந்தார். நாங்கள் இரண்டாம் மாடி. அம்மாவுக்கு அவர் ஒரே தங்கை. சித்தப்பா, என்னைவிட எட்டு மாதம் இளைய தங்கச்சி, மூன்று வயதுத் தம்பி என்று அங்கே நான்கு பேர். எட்டு மாதமென்றாலும் அவள் என்னை அக்கா என்றுதான் கூப்பிட வேண்டும் என்பது பெரியவர்கள் போட்ட சட்டம். அவள் ஒருநாளும் அதை மதித்ததில்லை. ஒரு காலத்தில் நான் வானால் இறங்கி நேரே அவர்கள் வீட்டுக்குத்தான் போவேன். அது நின்றுபோனதற்குக் காரணம் கனடா.

சித்தப்பாவின் அண்ணன் அங்கிருந்து கூப்பிட்டு, விண்ணப்பங்கள் போய், எல்லாம் சரிவந்த மாதிரித்தான் என்று சித்தப்பா ஒருநாள் வந்து சொன்னார். அம்மாவின் காதில் ஒரு செய்தி விழுந்தால் பொழுதுபட முதல் அது பம்பலப்பிட்டியைத் தாண்டிவிடும். தையற்காரிக்குச் சொன்னார், மரக்கறிக்காரருக்குச் சொன்னார், கோயிலில் செருப்புப் பார்க்கிறவருக்கும் சொன்னார். பெருமை தாங்கவில்லை, பாவம். எங்கள் வீட்டில் பெரிய விருந்து வைத்தார். சித்தி தன் பிரீசரைத் துப்புரவாக்கி மாடி மாடியாக மீனும் இறாலும் கொடுத்தார். அதற்குப் பத்து நாள் கழித்து விசா இல்லை என்று கடிதம் வந்தது. மூன்றாம் மாடி அன்ரி, சமைத்தது போக மிஞ்சிய அரைப் பை இறாலைத் திருப்பிக் கொண்டுவந்து, இவ்வளவுதான் இருக்கிறது, குறை நினைக்க வேண்டாம் என்று கொடுத்துவிட்டுப் போனார். நல்ல மனதோடுதான் செய்தார். சித்தி அந்தப் பையைக் கையில் வைத்துக்கொண்டு அழுததை நான் பார்த்தேன்.

மச்சாளின் வாய்தான் விசாவைத் தின்றது என்று அம்மாவைப் பற்றிச் சித்தப்பா சொன்னாராம். அது அம்மாவின் காதுக்கு வந்தது. சண்டை ஒன்றும் நடக்கவில்லை. படியில் கண்டால் சிரித்துக்கொண்டார்கள், தீபாவளிக்குப் பலகாரம் வந்தது, போனது. ஆனால் தங்கச்சிக்கு ரியூஷன் இருக்கிறது, போய்த் தொந்தரவு செய்யக்கூடாது என்று எனக்குச் சொல்லப்பட்டது. அதன் பிறகுதான் பிரிட்ஜ் என் பொறுப்புக்கு வந்தது.

இரண்டு வருடம் இப்படிப் போனது. ஒருநாள் பின்னேரம் சித்தி இரண்டு டப்பாக்களோடு எங்கள் வாசலில் நின்றார்.

"அக்கா, எங்கட பிரிட்ஜ் வேலை செய்யுதில்லை. திருத்திற ஆள் வருமட்டும் இதுகளை உங்கட பிரிட்ஜில வைக்கலாமோ?"

அம்மாவுக்கு முகம் மலர்ந்துவிட்டது. அதற்கென்ன கேள்வி, கொண்டு வா, எல்லாவற்றையும் கொண்டு வா என்றார். எனக்கோ சொல்லவே வேண்டாம். அன்றிரவே சித்தி மீன் டப்பாக்களை எல்லாம் கீழே கொண்டுவந்தார். நான் நடுத்தட்டைக் காலியாக்கினேன். பிரீசரின் வலது பக்கத்தையும் சித்திக்கே ஒதுக்கி, எங்கள் டப்பாக்களை இடது பக்கத்தில் நெருக்கி அடுக்கி, நடுவில் ஐஸ்கட்டித் தட்டை நிமிர்த்தி எல்லை போட்டேன். ஒவ்வொரு டப்பாவிலும் 'சித்தி' என்று எழுதிய துண்டுக் கடதாசியைப் பிளாஸ்டர் வைத்து ஒட்டினேன். அம்மா ஒருநாள் மறதியாக வலது பக்கத்தில் கை வைத்ததற்கு நான் போட்ட சத்தத்தில் கையை இழுத்துக்கொண்டார்.

அடுத்த நாளிலிருந்து தங்கச்சி வரத் தொடங்கினாள். நான் வானால் இறங்கி உடுப்பு மாற்றுவதற்குள் மணி அடிக்கும். ஒருநாள் மிளகாய்த்தூள், ஒருநாள் பனங்கிழங்கு ஒடியல் மா, ஒருநாள் அரைத்து வைத்த இஞ்சி உள்ளி. ஒவ்வொரு நாளும் ஏதாவது ஒன்று. கொண்டுவந்ததை வாங்கி இடம் பார்த்து வைத்தபின் இருவரும் சமையலறைத் தரையில் இருந்து வீட்டுப்பாடம் செய்வோம். கதைப்போம், பிறகு சும்மா இருப்போம். சும்மா இருப்பதற்கும் ஓர் ஆள் வேண்டும் என்பது அந்த நாட்களில்தான் எனக்குத் தெரிந்தது. திருத்துகிற ஆள் வந்தாரா என்று தினமும் கேட்பேன். இல்லை என்பாள். வெள்ளிக்கிழமை அம்மாவோடு கோயிலுக்குப் போனபோது, சித்தி வீட்டு பிரிட்ஜ் ஒருநாளும் திருந்தக்கூடாது என்று பிள்ளையாருக்கு ஒரு தேங்காய் நேர்ந்தேன். இப்படி ஒரு நேர்த்தியை அவர் அதற்கு முன் கேட்டிருக்க மாட்டார்.

ஞாயிற்றுக்கிழமை காலை அம்மாவுக்குச் சம்பலுக்குத் துருவிய தேங்காய்ப்பூ போதவில்லை. சித்தியின் தட்டில் ஒரு பெட்டி நிறைய இருந்தது. எடுக்கட்டா என்று அம்மா என்னிடம் கேட்டார், அந்த அளவுக்கு என் ஆட்சி நடந்தது. உடையவரிடம் கேட்காமல் தர முடியாது என்று சொல்லிவிட்டு நானே நான்காம் மாடிக்கு ஓடினேன். தங்கச்சி கதவைத் திறந்தாள். சித்தி மொட்டைமாடியில் உடுப்புக் காயப்போடுகிறார், கூட்டி வருகிறேன் என்று போனாள். நான் தனியே சமையலறையில் நின்றேன். பிரிட்ஜைக் கண்டால் திறப்பது என் வழக்கம். திறந்தேன்.

வெளிச்சம் எரிந்தது. குளிர் முகத்தில் அடித்தது. உள்ளே ஒரு தண்ணீர்ப் போத்தலும் தம்பியின் பாலும் தவிர ஒன்றுமில்லை. தட்டுகளெல்லாம் கழுவித் துடைத்துத் தேசிக்காய் மணத்தோடு பளிச்சென்று கிடந்தன. நான் கதவை மெதுவாகச் சாத்தினேன். அப்போது எனக்கு ஓடியது ஒன்றுதான். திருத்துகிற ஆள் வந்து போய்விட்டார். அம்மாவுக்குத் தெரிந்தால் நல்லதாய்ப் போயிற்று என்பார். டப்பாக்களெல்லாம் மேலே போய்விடும். தங்கச்சி வரமாட்டாள்.

சித்தி படியால் இறங்கி வந்தபோது நான் பிரிட்ஜுக்குப் பக்கத்தில்தான் நின்றேன். என்னைப் பார்த்தார், பிரிட்ஜைப் பார்த்தார். தேங்காய்ப்பூ வேண்டும் என்றேன்.

"கேக்க என்ன இருக்கு பிள்ளை? எல்லாத்தையும் எடுங்கோ," என்றார். என் தலையைத் தடவினார். கை ஈரமாக இருந்தது.

வீட்டுக்கு வந்து சித்தி எடுக்கச் சொன்னார் என்று மட்டும் சொன்னேன். மற்றதைச் சொல்லவில்லை. செவ்வாய்க்கிழமை தங்கச்சி வெறுங்கையோடு வந்தாள். திருத்துகிற ஆள் வந்தாரா என்று வேண்டுமென்றே கேட்டேன். இன்னும் வரவில்லை என்று நிலத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அவளும் என்னைப் போலத்தான், கீழே வந்துகொண்டிருக்க வேண்டும் என்றுதான் பொய் சொல்கிறாள் என்று நினைத்தேன். அன்று அவள் ஐந்து மணி வரை இருந்தாள். போகும்போது என்னை அக்கா என்று கூப்பிட்டாள். சட்டம் கடைசியில் வென்றுவிட்டது என்று எனக்குப் பெருமையாக இருந்தது.

புதன்கிழமை வானால் இறங்கியதும், வாசலில் இருந்த காவலாளி மாமா, சிங்களத்தில் பிள்ளையைக் கூப்பிடுகிற மாதிரி, தன் அரைத் தமிழில், "பபா எயார்போட் போகேல்லையா?" என்று கேட்டார். காலையில் பெரிய வான் வந்ததாம், பத்துப் பெட்டி ஏற்றினார்களாம். நான் நான்காம் மாடிக்கு ஓடினேன். மணியை அடித்தேன். திரும்பத் திரும்ப அடித்தேன். உள்ளே மணிச்சத்தம் மட்டும் கேட்டது.

வீட்டுக்கு வந்து பிரிட்ஜைத் திறந்து பார்த்தேன். சித்தியின் தட்டு அப்படியே இருந்தது. வலது பக்க டப்பாக்களை எண்ணினேன், ஒன்றும் குறையவில்லை. அதைப் பார்த்தபின் எனக்குப் பயம் போய்விட்டது. இவ்வளவு மீனை விட்டுவிட்டு யாராவது கனடாவுக்குப் போவார்களா? ஆறு மணிக்கு அம்மா வந்ததும் இந்த நியாயத்தைத்தான் சொன்னேன். வந்துவிடுவார்கள், மீன் எல்லாம் இங்கேதான் இருக்கிறது என்றேன். அம்மா கைப்பையைத் தோளிலிருந்து இறக்காமலே கதிரையில் இருந்தார்.

"எனக்குக் கூட ஒரு சொல்லுச் சொல்லேல்லை," என்றார்.

ஊர் முழுக்கச் சொல்லித் திரிந்த அந்த வாய் அதற்குப் பிறகு பல நாள் மூடியே இருந்தது. மூன்றாம் மாடி அன்ரி வந்து கேட்டபோது, தனக்கு முதலே தெரியும், சொல்ல வேண்டாம் என்று சித்தி கேட்டுக்கொண்டதால் சொல்லவில்லை என்றார். அம்மா பொய் சொன்னதை நான் அன்றுதான் முதன்முதலில் கேட்டேன். வேலை செய்த பிரிட்ஜைப் பற்றிச் சொல்லிவிடலாமா என்று எனக்கு நாக்கு நுனி வரை வந்தது. திட்டு விழும் என்று பயந்து விழுங்கிக்கொண்டேன்.

எட்டாம் நாள் சித்தி தொலைபேசியில் எடுத்தார். அம்மா ஓம், ஓம் என்று மட்டும் சொன்னார். சுகமாகப் போய்ச் சேர்ந்தார்களாம், குளிராம், அந்த மீனை எல்லாம் சமைத்துச் சாப்பிடட்டுமாம். வைத்தபின் அம்மா பிரிட்ஜ் பக்கமே போகவில்லை. நானும் எல்லையைக் குலைக்கவில்லை. பின்னேரங்களில் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு, ஒட்டிய கடதாசி கழன்ற டப்பாக்களுக்குப் புதிது ஒட்டினேன்.

சனிக்கிழமை அப்பா வந்தார். இனியும் வைத்திருந்தால் பழுதாகிவிடும் என்று அவர்தான் சொன்னார். அம்மா அடுப்பில் சட்டியை வைத்துவிட்டு வலது பக்கத்திலிருந்து ஒரு டப்பாவை எடுத்தார். அறக்குளா மீன், கழுவித் துண்டு போட்டு, மஞ்சளும் உப்பும் பிரட்டி வைத்திருந்தது. மூன்று துண்டு. நான் எட்டிப் பார்த்தேன். கணக்குப் பிழைத்ததை என்னால் சும்மா விட முடியவில்லை.

"சித்தி ஆக்கள் நாலு பேர். மூண்டு துண்டை வச்சு என்ன செய்யிறது?"

அம்மா இரண்டாவது டப்பாவைத் திறந்தார். அதிலும் மூன்று. அடுத்ததில் மூன்று நண்டு. பிறகு வலது பக்கத்தில் இருந்த எல்லாவற்றையும் வெளியே எடுத்து ஒவ்வொன்றாகத் திறந்தார். மேசை முழுக்க டப்பாக்கள், எல்லாவற்றிலும் மும்மூன்றாக. ஐஸ் உருகித் தண்ணீர் தரையில் சொட்டியது. நான் இவ்வளவு நாளாகக் கட்டிக் காத்த ஒழுங்கெல்லாம் போகிறதே என்று எனக்கு அழுகை வந்தது. உருகுது அம்மா, மூடுங்கோ, திரும்ப வைக்கேலாது என்று கத்தினேன். எங்கள் வீட்டில் நாங்கள் மூன்று பேர் என்பது எனக்குத் தெரியாததா? ஆனால் அந்த மூன்றையும் இந்த மூன்றையும் சேர்த்துப் பார்க்க எனக்கு வரவில்லை. பிரிட்ஜ் பழுது என்று வாசலில் வந்து நின்ற அன்றே சித்தி அம்மாவிடம் சொல்லத் தொடங்கிவிட்டார் என்பதும் வரவில்லை. ஞாயிறு, திங்கள், செவ்வாய் என்று முழுதாக மூன்று நாள், அம்மா மேலே ஏறிப் போய்த் தன் தங்கையைக் கட்டிப்பிடித்திருக்கலாம். பிரிட்ஜ் வேலை செய்வதைச் சொல்லாமல் அந்த நாட்களை நான் வைத்திருந்தேன். இன்றுவரை அவரிடம் அதைச் சொல்லவில்லை.

அம்மா அடுப்பை அணைத்தார். கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு, செருப்புக்கூடப் போடாமல் வெளியே போய்ப் படியேறினார். நான் பின்னால் ஓடினேன். நான்காம் மாடியில் சித்தி வீட்டுக் கதவில் பூட்டுத் தொங்கியது. அம்மா அதன் முன்னால் நின்றார். தட்டவில்லை, மணி அடிக்கவில்லை, கதவில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு நின்றார். நான் அவரின் சேலையைப் பிடித்து இழுத்து, அம்மா, அங்கே ஒருவரும் இல்லை, நான் அன்றைக்கே மணி அடித்துப் பார்த்துவிட்டேன் என்று திரும்பத் திரும்பச் சொன்னேன். பெரிய ஆளாக இருந்துகொண்டு இதுகூட ஏன் அம்மாவுக்கு விளங்கவில்லை என்று எனக்கு எரிச்சலாக இருந்தது.