மெர்சியும் மேரியும்

புதுச்சேரியில், கட்டிய மனைவிக்குக்கூட நன்றி சொல்கிறார்கள். காலையில் காபி டம்ளரை நீட்டினால் என் கணவர் "மெர்சி" என்பார். பிரெஞ்சில் நன்றி என்று அர்த்தமாம். மதுரையில் என் அப்பா ஒருநாள்கூட அம்மாவுக்கு நன்றி சொன்னதில்லை. சொல்லியிருந்தால், உடம்புக்கு என்னவோ என்று அம்மா நெற்றியைத் தொட்டுப் பார்த்திருப்பார். இந்த அர்த்தமெல்லாம் இப்போது தெரியும். பிரெஞ்சுக்காரன் கொடி இறங்கிய மறு வருஷம் வாழ்க்கைப்பட்டு இங்கே வந்தபோது தெரியாது. எனக்குத் தெரிந்த மெர்சி, மதுரை மிஷன் பள்ளியில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த இரட்டைப் பின்னல்காரி. என் கையால் காபி வாங்கிக்கொண்டு இன்னொருத்தி பெயரைச் சொல்கிறாரே என்று எனக்கு வயிறு பற்றி எரிந்தது.

மெர்சியாவது போகட்டும். சாயங்காலம் தாமதமாக வந்தால், "மேரியில நேரமாயிடுச்சி" என்பார். பெண் பார்க்க வந்தபோது நகரசபையில் குமாஸ்தா என்றுதான் சொன்னார்கள். அந்த நகரசபைக்கு இந்த ஊரில் மேரி என்று பெயர் என்பதை ஒரு பாவியும் சொல்லவில்லை. ஒருத்தி இல்லை, இரண்டு பேர் என்று நான் முடிவு கட்டிவிட்டேன்.

"யாருங்க அந்த மெர்சி?" என்று கேட்டிருந்தால் அன்றே முடிந்திருக்கும். கேட்க விடாமல் செய்தது சினிமா. அதை இன்றும் நான் மன்னிக்கவில்லை. மதுரைப் பக்கம் இதைப் படிக்கும் பெண்களுக்காகத்தான் எழுதுகிறேன். கல்யாணத்துக்கு முன் சித்தி பெண்களோடு போய்ப் பார்த்த காதல் கூத்துகள் எல்லாம் ஒரே அச்சு. கதாநாயகன் யார் பெயரையோ சொல்வான். கதாநாயகி தப்பாக எடுத்துக்கொள்வாள். வாயைத் திறந்து கேட்க மாட்டாள், கேட்டால் படம் பாதியிலேயே முடிந்துவிடுமே! முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு பெட்டியோடு கிளம்புவாள். அவன் மூச்சிரைக்க ஓடிவந்து பஸ்ஸை மறிப்பான். கொட்டகையே கைதட்டும், நானும் தட்டினேன். இதுதான் காதல் என்று டிக்கெட் விற்றுச் சொல்லிக்கொடுத்தார்களே, தங்கள் வீட்டுப் பெண்களுக்கும் இதைத்தான் சொல்லிக்கொடுத்தார்களா?

நானும் பெட்டி கட்டினேன். ஞாயிற்றுக்கிழமையாகப் பார்த்து, அவர் கண்ணெதிரே. "போகிறேன்" என்று வெட்டிவிடத்தான் நினைத்தேன். பிறந்ததிலிருந்து பழகிய நாக்கு கேட்கவில்லை.

"போயிட்டு வாரேங்க" என்றேன்.

"சரி, போயிட்டு வா. அத்தைய கேட்டதா சொல்லு" என்றவர், பெட்டியைத் தூக்கி ரிக்‌ஷாவிலும் வைத்தார்.

பஸ் புறப்படும்வரை கழுத்து வலிக்க வெளியே பார்த்தேன். அவர் வரவில்லை. வாழாவெட்டியாக மதுரையில் எந்த முகத்தோடு இறங்குவது என்று நினைக்க நினைக்க அழுகை பொங்கியது. வில்லியனூர் தாண்டியதும், முன் சீட்டில் இருந்த பழைய பிரெஞ்சுப் பட்டாளத்துப் பெரியவர் ஒருவர் டிக்கெட்டை வாங்கிக்கொண்டு கண்டக்டரிடம் "மெர்சி" என்றார். கண்டக்டருக்கோ முறுக்கு மீசை.

"அவரு பேரு மெர்சியா, அக்கா?" என்று பக்கத்தில் இருந்த, புதுச்சேரி உப்பளம் பகுதிக்கார அம்மாவிடம் கேட்டேன்.

"பேரா? எதுனா குடுத்தா வாங்கினவங்க சொல்றதும்மா. நன்றின்னு அர்த்தம்."

"அப்ப மேரி?"

"கடக்கர ஓரமா நகரசபை கட்டடம் இருக்குதே, அதான். ஏம்மா அழுவுற?"

அடுத்த நிறுத்தத்தில் பெட்டியோடு இறங்கிவிட்டேன். அந்தச் சாலையில் ஓர் ஊர் புதுச்சேரியைச் சேர்ந்தது, அடுத்தது தென்னாற்காடு, மறுபடியும் புதுச்சேரி. நான் இறங்கி நின்ற இடம் எதைச் சேர்ந்தது என்று எனக்கு இன்றுவரை தெரியாது. எதிரே வந்த பஸ்ஸில் ஏறி வீட்டுக்கு வந்தால், அவர் நிம்மதியாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"இன்னா, பஸ் கெடைக்கலியா?"

"நீங்க ஏன் ஓடி வரல?" என்று கத்தினேன்.

அவருக்கு ஒன்றும் புரியவில்லை. "எதுக்கு ஓடணும்? ஆடி பொறக்கப் போவுது, அம்மா வீட்டுக்குப் போறேன்னு நெனச்சேன். நீதான போயிட்டு வாரேன்னு சொன்ன?"

என் வார்த்தையை அப்படியே நம்பிவிட்டுச் சாப்பிட உட்கார்ந்திருக்கிறார் மனிதர். பெண்டாட்டி சொன்னதை நம்பி வீட்டிலேயே இருக்கிற கதாநாயகனை எந்தப் படத்தில் காட்டினார்கள்? காட்ட மாட்டார்கள், அதற்கு யார் கைதட்டுவது? இரண்டு சொல்லுக்காக இரண்டு மாதம் தலையணை நனைத்தவள் நான். சினிமாமேல் அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

போன மாதம் மதுரைக்குப் போயிருந்தேன். அம்மா காபி கொண்டுவந்து கொடுத்தார். வாங்கிக்கொண்டு, என்னை அறியாமல் "மெர்சி" என்றேன்.

"யாருடி அவ?" என்றார் அம்மா. அவர் சினிமா பார்ப்பதில்லை, உடனே கேட்டுவிட்டார்.

"நன்றின்னு அர்த்தம்மா."

அம்மாவின் முகம் சுருங்கிப் போயிற்று. "எனக்கு எதுக்குடி நன்றி? நான் என்ன அசலூர்க்காரியா?"

மறுநாள் கிளம்பும்போது வாசலில் நின்று, "போயிட்டு வாரேம்மா" என்றேன். புதுச்சேரியில் கிளம்பும்போது அவரிடமும் அதையேதான் சொல்லிவிட்டு வந்திருந்தேன்.