என்னிடம் ஒன்பது ஸ்கிரீன்ஷாட் இருந்தது

இரண்டு வருடங்களுக்கு முன், பொங்கலுக்குச் சில வாரங்கள் இருக்கும்போது, புனேயில் மகர்பட்டாவில் உள்ள எங்கள் பதினோராவது மாடி வீட்டில் உட்கார்ந்தபடியே நான் துப்பறியும் நிபுணன் ஆனேன். யாரும் என்னை நியமிக்கவில்லை. நானே பதவியேற்றுக்கொண்டேன்.

எனக்குச் சொந்த ஊர் கோயம்புத்தூர். மென்பொருளில் பிழை கண்டுபிடிப்பது வேலை. அடுத்தவர் செய்ததில் தப்புக் கண்டுபிடிக்கச் சம்பளம் வாங்குகிறவனுக்கு வீட்டுக்கு வந்தாலும் அந்தப் புத்தி போகாது. பால் பாக்கெட்டில் தேதியைப் பார்ப்பேன், பிறகு முகர்ந்து பார்ப்பேன், அப்புறம் மனைவியைக் குடிக்கச் சொல்லிவிட்டு அவள் முகத்தைப் பார்ப்பேன்.

புனே தமிழர்கள் முந்நூறு பேர் இருக்கும் ஒரு அரட்டைக் குழுவில் நானும் இருக்கிறேன். அதற்கு ஒரே ஒரு விதி: எழுத்து மட்டும். படம் போடக்கூடாது, படத்தில் இருப்பதை எழுத வேண்டும். விதியைப் போட்டவர் குழுவை நடத்தும் அம்மணி; தாபோடிப் பகுதியில் குடியிருப்பதால் எங்களுக்கு அவர் தாபோடி அம்மணி. என் வயதுதான். அப்பா ராணுவத் தொழிற்சாலை வேலைக்கு வந்தவர் என்பதால் பிறந்ததே இங்கேதான். அவர் தமிழில் பாதி மராத்தியும் கால்வாசி இந்தியும் கலந்திருக்கும். விதிக்குக் காரணம் ஒன்றும் பெரிய தத்துவம் இல்லை. காலை வணக்கம் சொல்லும் ரோஜாப்பூக்கள் அவருடைய ஃபோனை நிரப்பி, மகள் கல்யாணப் படங்களுக்கு இடமில்லாமல் போய்விட்டது. அந்தக் கோபத்தில் குழுவில் படம் அனுப்பும் வசதியையே பூட்டிவிட்டார்.

பூட்டு இருந்தால் பக்கத்து சந்து இருக்குமல்லவா? படத்தை வேறெங்காவது ஏற்றிவிட்டு, அதன் இணைப்பை மட்டும் குழுவில் போடுவோம். இந்தச் சந்தின் நாயகன் நான்தான். மழை பெய்கிறது என்று இரண்டு வார்த்தை தட்டுவதற்குப் பதில், வானிலைச் செயலியை ஸ்கிரீன்ஷாட் எடுத்து இணைப்புப் போடுகிற ஆள்.

அந்தப் பொங்கலுக்கு ஆறு மாதம் முன்பு குழுவில் ஒருவர் சேர்ந்திருந்தார். வானவடியில் இருப்பதாகச் சொன்னார். பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ஒற்றை எழுத்து. முகப்புப் படம் கிடையாது. யாரும் நேரில் பார்த்ததில்லை. ஆனால் எழுதினால் பக்கம் பக்கமாக எழுதுவார். இந்த ஊர் ஓட்டல்களில் சாம்பாரில் வெல்லம் போடுவது சரியா என்று ஒரு சண்டை வந்தபோது, நான் சொன்ன ஆறு காரணங்களையும் ஒவ்வொன்றாக எடுத்து, தோலுரித்து, கொடியில் காயப்போட்டார். அந்தக் காயம் எனக்கு ஆறவில்லை என்பதையும் இங்கே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்.

அவரிடம் ஒரு விசித்திரமான பழக்கம். யார் பட இணைப்புப் போட்டாலும் அடுத்த நிமிடம் வந்து நிற்பார். "இந்தப் படத்தில் என்ன இருக்கிறது என்று யாராவது எழுத முடியுமா?" தண்ணீர் வராது என்ற அறிவிப்பா, கேட்பார். பள்ளிக்கூட சுற்றறிக்கையா, கேட்பார். ஒருவர் தன் வீட்டுப் பூனை சோஃபாவில் தூங்குவதைப் போட்டதற்கும் கேட்டார். பூனைப் படத்தில் என்ன இருக்கும்? பூனைதான் இருக்கும். எனக்குக் காது விடைத்துக்கொண்டது.

அந்த நேரத்தில்தான் எங்கள் அலுவலகத்தில் ஒருவர் போலி அழைப்பில் ஏமாந்து ஒரு வாரம் பேயறைந்தாற்போல் உட்கார்ந்திருந்தார். அதனால் யாரைப் பார்த்தாலும் சந்தேகம். இந்த வானவடி ஆசாமி மனிதனே இல்லை, ஏதோ இயந்திரம் என்று முதல் வாரம் நினைத்தேன். அடுத்த வாரம், இல்லை, மனிதன்தான், நம் வாயாலேயே விவரம் பிடுங்குகிற மோசடிக்காரன் என்று முடிவுக்கு வந்தேன். அவர் கேள்வி கேட்கும்போதெல்லாம் ஒரு ஸ்கிரீன்ஷாட் எடுத்துத் தனிக் கோப்பில் சேர்த்தேன். கோப்புக்கு 'வ.வ.' என்று பெயர். வானவடி வழக்கு.

ஒருநாள் சோதனையும் வைத்தேன். 'நீ யார் என்று எனக்குத் தெரியும். மரியாதையாக வெளியேறு' என்று கொட்டை கொட்டையாகச் சிவப்பு எழுத்தில் ஒரு படம் செய்து அவருக்குத் தனியாக அனுப்பினேன். பதில் வந்தது: "படம் கிடைத்தது, மிக்க நன்றி. அதில் என்ன இருக்கிறது என்று எழுத முடியுமா?"

என்ன நெஞ்சழுத்தம் பாருங்கள் என்று அதையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்தேன்.

இதற்கிடையில் பொங்கலை ஒட்டிய ஞாயிற்றுக்கிழமை, சாஸ்வட் பக்கம் ஒரு தோட்டத்தில் எல்லோரும் கூடிப் பொங்கல் வைப்பதாக ஏற்பாடு. ஒரே ஒரு பேருந்து. வருகிறவர்கள் பெயர் சொல்லச் சொன்னார்கள். வானவடிக்காரரும் தனக்கு ஓர் இடம் என்று எழுதியிருந்தார். பட்டியல் போடும் பொறுப்பு என்னிடம். பெயர், இருக்கை, ஏறுமிடம், நேரம், ஃபோன் எண் எல்லாம் கட்டம் கட்டி வண்ணமடித்து, கீழே சிவப்பில், வியாழன் மாலைக்குள் 'வருகிறேன்' என்று உறுதி சொல்லாதவர்களின் இடம் அடுத்தவருக்குப் போய்விடும் என்று எழுதி, ஸ்கிரீன்ஷாட் எடுத்து இணைப்பைப் போட்டேன்.

ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. பட்டியலில் என்ன இருக்கிறது என்று யாராவது எழுதுகிறீர்களா என்று கேட்டுவிட்டார்.

நாற்பது வீட்டு ஃபோன் எண்! இதற்காகத்தானே ஐயா ஆறு மாதம் காத்திருந்தாய் என்று எனக்குள் ஒரு குரல். தெரிந்தவர்களுக்கெல்லாம் தனித்தனியாகச் செய்தி அனுப்பினேன், யாரும் பதில் சொல்லாதீர்கள் என்று. புதன்கிழமை மறுபடி கேட்டார். வியாழன் காலையில் மறுபடி. முந்நூறு பேரும் கம்மென்று இருந்தார்கள். வியாழன் மாலை அவர் இடம் காலாவதியானது. காத்திருப்போர் வரிசையில் அடுத்த பெயர், ஊரிலிருந்து வந்திருந்த என் மச்சினன். விதிப்படிதான் நடந்தது. விதியும் நான் போட்டதுதான்.

வெள்ளிக்கிழமை குழுவிலேயே பகிரங்கமாக எழுதினேன். இவர் போலி, மோசடிக்காரர், உடனே நீக்க வேண்டும், என்னிடம் ஒன்பது ஸ்கிரீன்ஷாட் ஆதாரம் இருக்கிறது, பூட்டை ஐந்து நிமிடம் திறந்தால் போதும் என்று. தாபோடி அம்மணி ஃபோனிலேயே கூப்பிட்டார். ஆண்கள் எல்லோரும் அவருக்கு 'பாவு', மராத்தியில் அண்ணன்.

"அரே பாவு, பூட்டு தொறக்காது, லிங்க்கும் வேணாம். நியமம் எல்லாருக்கும் ஒண்ணுதான். என்ன இருக்குன்னு உக்காந்து எழுதுங்க. நாளைக்கு சாயங்காலம் வரைக்கும் டைம். எழுதலேன்னா அவர் இருப்பார், நீங்க மாஃபி கேப்பீங்க." மாஃபி என்றால் மன்னிப்பு.

குற்றவாளியும் குழுவில் ஒரே வரி எழுதினார். ஆதாரத்தைத் தானும் படிக்க வேண்டும், தயவுசெய்து எழுத்திலேயே போடச் சொல்லுங்கள் என்று. திமிரைப் பாருங்கள் என்றேன் மனைவியிடம்.

சனிக்கிழமை மதியம் சாப்பிட்டுவிட்டு மடிக்கணினியோடு உட்கார்ந்தேன். மச்சினன் உள்ளே குறட்டை. மனைவி என் ஃபோனிலிருந்து ஒவ்வொரு ஸ்கிரீன்ஷாட்டாக வாசிக்க, நான் தட்டினேன். முதல் ஆதாரம், தண்ணீர் அறிவிப்பு: என்ன இருக்கிறது என்று எழுத முடியுமா. இரண்டாவது, சுற்றறிக்கை: எழுத முடியுமா. மூன்றாவது, பூனை. ஸ்கிரீன்ஷாட்டாக அடுக்கி வைத்திருந்தபோது பயங்கரமாகத் தெரிந்தது, எழுதினால் சப்பென்று இருந்தது. ஒரு மனிதர் மரியாதையாக ஒரே கேள்வியை ஒன்பது தடவை கேட்டிருக்கிறார். அவ்வளவுதான் வழக்கு.

ஆறாவதில் மனைவி நிறுத்தினாள்.

"ஏனுங்க, எழுதிப் போட்டதப் பத்தி இவரு ஒண்ணுமே கேக்கலீங்களே. படம் போட்டா மட்டுந்தான கேக்கறாரு."

அதுதான் அவனுடைய தந்திரம் என்றேன். அவள் அடுத்ததைத் திறந்தாள். என் சிவப்பு மிரட்டலும் அதற்கு வந்த நன்றியும். முதலில் சிரித்தாள். பாதிச் சிரிப்பில் நின்றுவிட்டாள்.

"இத்தாச்சோட்டுப் பெரிய எழுத்துல திட்டியிருக்கறீங்க. அதுக்கு நன்றி சொல்றாருன்னா..." என்று என்னைப் பார்த்தாள். "அவருக்குப் பார்வை இருக்குதுங்களா?"

பட்டியலில் இருந்த அவர் எண்ணுக்கு அழைத்தேன். திருநெல்வேலித் தமிழில் ஒரு நிதானமான குரல். நான் யாரென்று சொன்னதும் கோபப்படவில்லை. அவர் கேட்ட முதல் கேள்வி இதுதான்.

"நாளைக்கு பஸ் எத்தன மணிக்குன்னு சொல்லுதீங்களா? யாருமே சொல்ல மாட்டேங்காங்க. அதான் காலைல அஞ்சரைக்கே ரோட்டுக்கு வந்து நின்னுருவோம்னு இருக்கேன்."

தன் இடம் போய்விட்டது என்றே அவருக்குத் தெரியவில்லை. அது சிவப்பு எழுத்தில், படத்தில் இருந்தது.

பிறகு விளக்கினார். எழுத்தாக வருவதை ஃபோன் வாசித்துக் காட்டும். படம் வந்தால் 'படம்' என்று மட்டும் சொல்லிவிட்டு ஊமையாகிவிடும். எழுத்து மட்டும் என்று போட்டிருந்ததைக் கேட்டுத்தான் இந்தக் குழுவில் சேர்ந்தாராம். அவருக்கு வங்கியில் வேலை, அங்கே நாள் முழுக்க இந்தி, மராத்தி. தமிழ் காதில் விழுவது இதில்தானாம். ரோஜாப்பூ எரிச்சலில் போட்ட பூட்டு ஒருவருக்குக் கதவாக இருந்திருக்கிறது. அதற்குச் சந்து வெட்டியவன் நான்.

முதலிலேயே சொல்லியிருக்கலாமே என்று முனகினேன்.

"சொன்னா சாம்பார் சண்டையில விட்டுக்குடுத்துருப்பீங்கல்லா? வேற ஒண்ணும் இல்ல. ஆனா நேத்து நீங்க என்னப் பத்தி எழுதுனது எழுத்துலதான இருந்துச்சு. நல்லாக் கேட்டுச்சு."

அன்று சாயங்காலம் குழுவில் ஆதாரம் போடவில்லை, மன்னிப்பை எழுதினேன். கூடவே பட்டியலையும் வரி வரியாகத் தட்டினேன். எண்களை மட்டும் விட்டுவிட்டேன். ஏழாம் இருக்கையில் என் பெயரை எடுத்துவிட்டு அவர் பெயரைப் போட்டேன். மச்சினனை இறக்கிவிட்டால் நான் வீட்டில் குடியிருக்க முடியாது. அதனால் ஞாயிற்றுக்கிழமை காலைக் குளிரில், மகர்பட்டாவிலிருந்து முதலில் வானவடிக்குப் போய் அவரைப் பேருந்தில் ஏற்றிவிட்டு, திவே காட் மலை ஏற்றம் முழுக்க அந்தப் பேருந்தின் புகையைக் குடித்துக்கொண்டே ஸ்கூட்டரில் பின்னால் போனேன். ஜன்னலிலிருந்து மச்சினன் கையசைத்தான்.

தோட்டத்தில் எல்லோருமாக ஒரு படம் எடுத்துக்கொண்டோம். மாலை வீடு திரும்பியதும் விதிப்படி அதை நான்தான் எழுதினேன். நடுவில் பானை, அடுப்பு புகைகிறது, தாபோடி அம்மணி யாரையோ அதட்டுவதால் வாய் திறந்திருக்கிறது, ஓரத்தில் ஹெல்மெட்டைக் கழற்ற மறந்து ஒரு கோமாளி நிற்கிறான் என்று. ஒரு நிமிடத்தில் வானவடியிலிருந்து கேள்வி: "நான் எப்படி இருக்கிறேன்?"

கூச்சத்தில் அவரை எழுதாமல் விட்டிருந்தேன். படத்தை மறுபடி திறந்து பார்த்து எழுதினேன். கோமாளிக்குப் பக்கத்தில் நிற்கிறீர்கள். எல்லோரும் கேமராவைப் பார்க்க, நீங்கள் மட்டும் பானைப் பக்கம் முகத்தைத் திருப்பிச் சிரிக்கிறீர்கள். சட்டையில் இரண்டாவது பொத்தான் மூன்றாவது துளையில் இருக்கிறது.

"இதை அங்கேயே சொல்லியிருக்கலாமே" என்று பதில் வந்தது.

வாரக்கணக்கில் கண்கொத்திப் பாம்பாக அவரைக் கவனித்தவன், ஒரு பகல் முழுக்கத் தோளோடு தோள் நின்றும் அந்தப் பொத்தானைப் பார்க்கவில்லை. இப்போதெல்லாம் எந்தப் படத்தை அனுப்புவதற்கு முன்பும் அதில் இருப்பதை இரண்டு வரி எழுதிப் பார்க்கிறேன்; பார்த்துவிட்டேன் என்று நான் நினைத்துக்கொண்டிருந்ததில் பாதியைப் பார்க்கவே இல்லை என்பது எழுதும்போதுதான் ஒவ்வொரு முறையும் தெரிகிறது.