வெளிநாட்டுக்குச் செய்தி எழுதப் பழக்கினேன்

வெளிநாட்டுச் செய்தியாளர் என்றால் விமானம் ஏறுகிறவர் என்றுதான் ஊரில் நினைப்பு. எங்களில் முக்கால்வாசிப் பேர் கிழக்கிலங்கையின் கல்முனையில் அக்கரைப்பற்று பஸ் ஏறுகிறவர்கள்.

பல வருஷம் அப்படி பஸ் ஏறி, கடல் கடந்த வானொலிகளுக்குச் செய்தி கொடுத்தவன் நான். இப்போது பிரதான வீதியில் ஒரு புடவைக்கடையின் மாடியறையில், சனிக்கிழமைகளில் இளம் நிருபர்களுக்கு அந்த வேலையைப் பழக்குகிறேன். எங்கேயோ இருக்கும் ஒரு செய்தி ஆசிரியருக்காக எழுதித் தேய்ந்தவர் நீங்களும் என்றால், நான் சொல்லப்போவது உங்களுக்குப் புதிதாக இராது.

மூன்று வரி

முதல் வகுப்பிலேயே ஒரு பயிற்சி கொடுப்பேன். கல்முனையைக் கேள்விப்படாத ஒருவருக்கு அதை மூன்று வரியில் சொல்ல வேண்டும். அந்த முறை எல்லோரும் யுத்தம், சுனாமி என்று தொடங்கியிருந்தார்கள். பாலமுனையிலிருந்து வரும் ஸப்ரினா மட்டும், விடியற்காலையில் மீன் லொறியின் ஹோர்ன் சத்தத்துக்கு எழும்பும் ஊர் என்று எழுதியிருந்தாள்.

சிவப்புப் பேனையால் அதை வெட்டினேன். "வெளிநாட்டு ஆசிரியர் இதை வாசிக்கமாட்டார், சுனாமியை மேலே போடுங்க" என்றேன். சுனாமியில் அவளுடைய சாச்சி உயிரிழந்தது எனக்கு அப்போது தெரியாது. அவள் தாளைத் திருப்பி வாங்கிக்கொண்டு, தலையை நிமிர்த்தாமலே கேட்டாள்: "சேர், ஒரு ஊர் இருக்கெண்டு காட்டுறத்துக்கு செத்தவங்கட மையத்தையா முதல்ல காட்டணும்?"

காற்று

கெமரா பழக ஒலுவில் கரைக்குப் போனோம். கடல் அரித்த இடத்தில் ஒரு மீனவர் நின்று, தன்னுடைய தென்னைகள் போனதையும் கடைசியாகக் கிணறு போனதையும் சொன்னார். கிணற்றைச் சொல்லும்போது குரல் உடைந்து அழுதுவிட்டார். அக்கரைப்பற்று றிஸ்வான்தான் படம்பிடித்தான். பிறகு போட்டுப் பார்த்தால் காற்றின் இரைச்சல்தான் கேட்டது.

ஒலி சரியில்லாவிட்டால் கூச்சப்படாமல் திரும்பக் கேளுங்கள் என்று படிப்பித்தவன் நான். அவன் கேட்டான். அவரும் பொறுமையாகத் திரும்பச் சொன்னார். ஆனால் இந்த முறை கண் நனையவில்லை. "காக்கா, முதல் சொன்ன மாதிரி இன்னொருக்கா..." என்று, அண்ணனை அழைப்பதுபோல அழைத்து, றிஸ்வான் இழுத்தான். அவர் கோபிக்கவில்லை. அவனுடைய தோளில் கையை வைத்துச் சொன்னார்: "மனே, கிணறு போனது ஒருக்காத்தான். நான் எத்தின தரம் அழுற?"

ஒரு மணித்தியாலம்

ஒரு நாள் பகல் வகுப்பு நடக்கும்போது றிஸ்வானுக்கு வளைகுடாவிலிருந்து ஒரு கூட்டாளி அழைத்தான். வீட்டு வேலைக்குப் போன நம்மூர்ப் பெண் ஒருத்தி அங்கே இறந்துவிட்டாள்; கடவுச்சீட்டின் படமும் வந்தது. றிஸ்வான் எழுதிக்கொண்டிருந்த வெளிநாட்டு இணையத்தளத்தின் ஆசிரியர் ஒரு மணித்தியாலம் தந்தார். வேறு யாரும் போட முந்தி நாங்கள் போட வேண்டும். உறுதிப்படுத்தாமல் எழுதாதே என்றேன். அனுப்பிய முகவர் தெரியாது என்றார். அதிகாரிகள் தொலைபேசியை எடுக்கவில்லை. கடவுச்சீட்டிலிருந்த முகவரி, றிஸ்வானின் வீட்டிலிருந்து இரண்டு ஒழுங்கை தள்ளி.

இருவரும் மோட்டார் சைக்கிளில் போனோம். அந்தப் பெண்ணின் கணவர் வாசலில் சைக்கிளுக்குக் காற்றடித்துக்கொண்டிருந்தார். எங்களைக் கண்டதும் சிரித்து, "வாங்க, பிளேன்டீ குடிப்பம்" என்றார். அவருக்கு ஒன்றும் தெரியாது என்பது அந்தச் சிரிப்பிலேயே விளங்கிவிட்டது. றிஸ்வானின் சட்டைப்பையில் போன் அதிர்ந்தபடியே இருந்தது. அவன் அதை எடுத்து நிறுத்திவிட்டு, என்னை அவரோடு இருக்கச் சொல்லிப் போனான். திரும்பும்போது அவருடைய காக்காவையும் பள்ளிவாசல் தலைவரையும் கூட்டிவந்தான். அவர்கள்தான் சொன்னார்கள். நான் குடித்த தேநீர்க் கோப்பையை எங்கே வைப்பதென்று தெரியாமல் கையிலேயே வைத்திருந்தேன்.

பின்னேரத்து அஸர் பாங்குக்கு முந்தியே வேறொரு தளம் செய்தியைப் போட்டுவிட்டது, அவளுடைய பெயரைப் பிழையாக. அந்த ஆசிரியர் அதற்குப் பிறகு றிஸ்வானுக்கு வேலை கொடுக்கவேயில்லை. ஜனாஸா வந்து அடக்கம் முடிந்து ஒரு கிழமையில், கணவர் றிஸ்வானைத் தேடி வந்தார். அவளுடைய கடிதங்களையும் அவள் அனுப்பிய குரல்பதிவுகளையும் மேசையில் வைத்தார். "இப்ப எழுது தம்பி. அவள்ட பேரப் பிழையில்லாமப் போடு."

உள்ளூர் உதவியாளர்

வெளிநாட்டிலிருந்து வந்த ஒரு பத்திரிகையாளருடன் ஸப்ரினா நான்கு நாள் அலைந்தாள். அவர் நுழைய முடியாத வீடுகளுக்குள் போய்ப் பெண்களோடு கதைத்ததும், அதை மொழிபெயர்த்ததும் அவள்தான். கட்டுரை அவருடைய பெயரில் மட்டும் வந்தது. அடியில் சின்ன எழுத்தில், 'உள்ளூர் உதவியாளர் ஒருவரின் துணையுடன்' என்றிருந்தது.

எனக்குப் பொறுக்கவில்லை; ஆசிரியருக்கு எழுதினேன். அவளுடைய பாதுகாப்பைக் கருதியே பெயரை விட்டோம் என்று மரியாதையாகப் பதில் வந்தது. ஸப்ரினா அதை இரண்டு தரம் வாசித்தாள். "என்ட பாதுகாப்பப் பத்தி என்னட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாமே, சேர்."

அந்நியன்

போன மழைக்காலத்தில் ஒரு சிறிய செய்தி நிறுவனம் றிஸ்வானை வேறொரு நாட்டுக்கு, வெள்ளம் அடித்த மலைக்கிராமத்துக்கு அனுப்பியது. முதல் நாளே என்னை அழைத்தான். பாஷை தெரியாது, ஊரின் பெயரைக்கூட ஒழுங்காகச் சொல்ல வரவில்லையாம். ஒரு பெண் வீட்டுக்குள்ளிருந்து சேற்றை வாளி வாளியாக அள்ளிக் கொட்டிக்கொண்டிருந்திருக்கிறாள். இவனுக்குக் கேள்வி வரவில்லை. கெமராவைக் கீழே வைத்துவிட்டு வாளியை வாங்கியிருக்கிறான். சரியாகச் செய்தேனா என்று என்னிடம் கேட்டான். மிச்சத்தையும் அவனே சொன்னான்: "அரை மணித்தியாலம் சேறு அள்ளினன், சேர். பிறகு அவங்களே மொழிபெயர்ப்பாளரக் கூப்பிட்டு, 'இவர் ஏன் ஒண்டும் கேக்கிறாரில்ல?' எண்டு கேட்டாங்க."

இதில் ஒரு பாடமும் நான் படிப்பித்ததல்ல. ஆனாலும் ஸப்ரினா, றிஸ்வான் இருவருடைய பயிற்சிச் சான்றிதழிலும் 'பயிற்றுவிப்பாளர்' என்ற இடத்தில் கையெழுத்து என்னுடையதுதான்.