பழைய சீட்டுக்குக் கண்ணாடி போடுவதில்லை

மூக்குக் கண்ணாடிக் கடையின் பின்னறையில் ஒரு மேஜை, ஒரு விளக்கு, லென்ஸின் விளிம்பைத் தேய்க்கும் சின்ன எந்திரம் ஒன்று. இவற்றுக்கு நடுவே இருபத்தைந்து வருஷமாக உட்கார்ந்திருப்பவளைக் கடையில் எல்லோரும் லென்ஸக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். சொந்தப் பெயர் சம்பளத்தன்று மட்டும் எட்டிப் பார்க்கும்.

அந்தக் கடையில் ஒரு சட்டம் உண்டு. ஆறு மாதத்துக்கு மேல் பழையதான கண் டாக்டர் சீட்டை வைத்துக்கொண்டு கண்ணாடி போடக்கூடாது. யாராவது மடித்துக் கசங்கிய சீட்டை நீட்டினால், லென்ஸக்கா பின்னறையிலிருந்தே குரல் கொடுப்பாள்: "பழைய சீட்டா? மறுபடி கண்ணைக் காட்டச் சொல்லுங்க. கண்ணு அப்படியே நிக்குமா?"

அவளுடைய சீட்டு மட்டும் இருபத்திரண்டு வருஷப் பழசு. அதை யாரும் திருப்பி அனுப்பவில்லை.

அப்போது அவளுக்கு இருபத்தைந்து வயது. அம்மா திடீரென்று போய்ச் சேர்ந்தாள். பதினோரு நாள் இவளுக்குப் பொட்டுத் தூக்கம் இல்லை. சமையலறையிலிருந்து அம்மா கூப்பிடுவதுபோல் இரண்டு தடவை கேட்டது. எழுந்து போய்ப் பார்த்தாள். அதை அண்ணனிடம் சொன்னாள். அம்மா போன வீட்டில் வேறு யாரிடம் சொல்வாள்? அண்ணன் பயந்துபோய் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனார். உள்ளே டாக்டர் இவளைக் கேட்டதைவிட அண்ணனைக் கேட்டதுதான் அதிகம். இவளை வெளியே பெஞ்சில் உட்காரச் சொல்லிவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு பேசினார்கள். திரும்பி வரும்போது அவளுக்கு ஒரு நோயின் பெயர் கிடைத்திருந்தது: மனச்சிதைவு. கூடவே மூன்று வேளை மாத்திரையும்.

நிச்சயமாகியிருந்த கல்யாணம் ஒரே வாரத்தில் நின்றுபோயிற்று. மாப்பிள்ளை வீட்டாருக்கு யார் சொன்னார்களோ, ஊர் வாயை மூட உலைமூடி ஏது? மாத்திரை தின்று தின்று உடம்பு ஊதியது. கை நடுங்கத் தொடங்கியது. பிறகு வந்த டாக்டர்கள் நடுங்கும் கையைப் பார்த்துத் தலையை ஆட்டிக்கொண்டார்கள். ஒவ்வொருவரும் புரட்டியது முதல் பக்கத்தைத்தான், எழுதியது "பழைய கேஸ், அதே மருந்து." அவள் நன்றாக இருந்தால் மருந்து வேலை செய்கிறது என்பார்கள். அழுதால் நோய் கூடிவிட்டது என்பார்கள். எந்தப் பக்கம் விழுந்தாலும் அவள் தலைதான் உடைந்தது.

கடை முதலாளி மட்டும் நல்ல மனுஷர். "கண்ணாடி உடையாத வரைக்கும் எனக்கென்ன?" என்று விட்டுவிட்டார். அவளும் முழங்கையை மேஜையில் அழுத்தி, நடுக்கத்தை அடக்கி வேலை செய்யப் பழகிக்கொண்டாள்.

அவளுக்கு ஒரு மாடி அறை. ஒரு தட்டு, ஒரு தம்ளர், ஒரு நாற்காலி. இரண்டாவது நாற்காலி ஒன்று வாங்கிப் பார்த்தாள். அதில் துணி மலைபோல் குவிந்ததுதான் மிச்சம். கோபப்படக்கூட அவளுக்கு உரிமை இல்லை. வீட்டுக்காரரிடம் தண்ணீர் வரவில்லை என்று சற்றுக் குரலை உயர்த்தினால், அவர் அண்ணனுக்குப் போன் போடுவார். அண்ணன் இவளுக்குப் போன் போட்டு, "மாத்திரை போட்டியாம்மா?" என்பார். தண்ணீர் வராததற்கும் மாத்திரைக்கும் என்ன சம்பந்தம்? அவள் பக்கெட்டைத் தூக்கிக்கொண்டு கீழே போவாள்.

ஞாயிற்றுக்கிழமை அண்ணன் வீட்டில் சாப்பாடு. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பார்கள் என்பது கேள்வி. அந்த வீட்டில் கத்தியை மாவில் மறைத்தார்கள். ஒருநாள் அண்ணிக்கு உதவலாம் என்று மாவு டப்பாவைத் திறந்தபோது உள்ளே கைப்பிடி தட்டுப்பட்டது. இவளுக்குப் பயந்துதான் அது அங்கே இருக்கிறது என்று புரிந்துகொண்டாள். மூடியை மூடிவிட்டாள். கடையில் நாளெல்லாம் கண்ணாடியை அறுப்பவள், அந்த வீட்டில் ஒரு வெள்ளரிக்காயை நறுக்கியதில்லை. இதெல்லாம் நோய்க்காரிக்கு உள்ளதுதான் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டாள்.

போன வருஷம் ஆஸ்பத்திரிக்குப் புதிதாக ஒரு டாக்டரம்மா வந்தாள். ஃபைலை முதலிலிருந்து கடைசிவரை படித்த முதல் ஆள் அவள்தான்.

"அம்மாவைக் கத்தியோட துரத்தினதா எழுதியிருக்கே, அது எப்போ?"

லென்ஸக்கா நிமிர்ந்தாள். "எந்தக் கத்தி? நான் யாரைத் துரத்தினேன்? அம்மா போனதாலதானே டாக்டர் நான் இங்க வந்தேன்?"

"அண்ணனைத் துரத்தினதாவும் எழுதியிருக்கு. தனியாப் பேசிச் சிரிப்பாங்கன்னும் இருக்கு."

டாக்டரம்மா அண்ணனை வரவழைத்தாள். வந்தவர் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார். வழுக்கை விழுந்து, பேரன் எடுத்த மனுஷர்.

"அன்னிக்கு நூறு பேரு நின்னாங்க, டாக்டர். தூக்கம் வரலைன்னு சொன்னா ரெண்டு நிமிஷத்துல அனுப்பிடுவாங்கன்னு வரிசையில ஒருத்தர் சொன்னார். இவ சாப்பிடல, தூங்கல. செத்துடுவாளோன்னு பயம். அதான் கொஞ்சம்... ஒண்ணுக்கு ரெண்டாச் சொன்னேன்."

"கத்தியா?"

"அதுவும் நான் சொன்னதுதான்."

லென்ஸக்காவுக்குக் கோபம்கூட வரவில்லை. தன்மேல் உள்ள பாசத்தால் சொன்ன பொய்க்கு யாரைப் போய்த் திட்டுவது?

பெரிய டாக்டர் ஒப்புக்கொள்ளவில்லை. இத்தனை வருஷம் மருந்தால்தான் நன்றாக இருக்கிறாள் என்றார். டாக்டரம்மா விடவில்லை. "அது துக்கமும் தூக்கமில்லாததும் மட்டுமா இருந்திருக்கலாம். உறுதியாச் சொல்ல இப்ப வழி இல்ல. பாத்துப் பாத்துக் குறைப்போம். நீங்களா நிறுத்திடாதீங்க," என்றாள். பத்து மாதம் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்தார்கள். ஒன்றும் ஆகவில்லை, நடுக்கம் மட்டும் முழுதாகப் போகவில்லை. கடைசியில் டாக்டரம்மா ஒரு புதுப் பக்கம் எழுதினாள். பழைய முடிவுக்குப் போதிய ஆதாரம் இல்லை என்று அதில் இருந்தது.

அன்று ஆஸ்பத்திரி வாசலில் லென்ஸக்கா அண்ணனிடம் ஒன்றே ஒன்று கேட்டாள்.

"வீட்டுல உன் வாயால சொல்லிடு. அண்ணிக்கும் உன் பொண்ணுக்கும் தெரியணும். வேற எதுவும் வேண்டாம்."

"சொல்லிடறேன்மா. நேரம் பாத்துச் சொல்லிடறேன்."

ஞாயிறுகள் போயின. நேரம் வரவில்லை. கத்தியும் மாவு டப்பாவுக்குள்ளேயே இருந்தது.

அண்ணன் மகள் தனிக்குடித்தனம் போய்ப் புது வீடு பார்த்திருந்தாள். ஒரு ஞாயிறு எல்லோரையும் சாப்பிடக் கூப்பிட்டாள். அண்ணி கூடத்தில் பேரனுக்குச் சட்டை மாட்டிக்கொண்டிருந்தாள். சமையலறையில் லென்ஸக்காவும் அண்ணன் மகளும். வாசற்படியில் சாய்ந்தபடி அண்ணன்.

"அத்தை, இந்த உருளைக்கிழங்கைக் கொஞ்சம் நறுக்கித் தர்றீங்களா?"

சொல்லிக்கொண்டே அந்தப் பெண் மாவு டப்பாவைத் திறந்து, உள்ளே கையை விட்டுக் கத்தியை எடுத்து, மாவைத் தட்டி நீட்டினாள்.

லென்ஸக்கா அதை வாங்காமல் நின்றாள். "இதை ஏன் இதுக்குள்ள வச்சிருக்கே?"

"நம்ம வீட்டுல எப்பவும் அங்கதானே இருக்கும்? துருப்பிடிக்காதுன்னு அம்மா சொல்வாங்க." அந்தப் பெண் சிரித்தாள். "இவர்கூடக் கேலி பண்றார், உலகத்துல யாரு கத்தியை மாவுல வைப்பாங்கன்னு."

அவள் முகத்தில் சூதுவாது ஒன்றுமில்லை. சின்ன வயசிலிருந்து பார்த்ததைச் செய்திருக்கிறாள். லென்ஸக்கா திரும்பி அண்ணனைப் பார்த்தாள். இதைவிட நல்ல நேரம் இனி எப்போது வரும்? ஒரு வாக்கியம் போதும். அண்ணன் வாயைத் திறந்தார். பிறகு, "சாப்பாடு ஆச்சா?" என்றார்.

லென்ஸக்கா கத்தியை வாங்கினாள். முழங்கையை மேடையில் அழுத்திக்கொண்டு நறுக்கினாள். துண்டுகள் கோணல்மாணலாக வந்தன. முடிந்ததும் கத்தியைக் கழுவித் துடைத்துப் பலகைமேல் வைத்தாள்.

"இனிமே வெளியிலயே இருக்கட்டும்டா. துருப்பிடிச்சா எங்கிட்டக் கொடு, நான் தேய்ச்சுத் தர்றேன். என் பிழைப்பே தேய்க்கறதுதானே?"

"சரி அத்தை," என்று அந்தப் பெண் சிரித்தாள்.

சாப்பாடு நன்றாக இருந்தது. பேரன் அவள் பக்கத்தில் உட்கார்ந்து அவள் தட்டிலிருந்தே எடுத்துத் தின்றான். இருபத்திரண்டு வருஷத்தில் அவள் மறுசோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டது அன்றுதான்.

கிளம்பும்முன் தண்ணீர் குடிக்கச் சமையலறைக்குப் போனாள். பலகை காலியாக இருந்தது. அண்ணன் மகள் சாப்பிட்ட இடத்தைவிட்டு இன்னும் எழுந்திருக்கவில்லை. அண்ணி பேரனைத் தூங்க வைத்துக்கொண்டிருந்தாள். லென்ஸக்கா டப்பாவைத் திறந்து பார்க்கவில்லை.

அண்ணன் வாசலில் அவளுடைய குடையை எடுத்து வைத்துக்கொண்டு நின்றார். "மழை வர்ற மாதிரி இருக்கு. பாத்துப் போம்மா," என்று நீட்டினார். லென்ஸில் ஒட்டிய தூசியைத் தேடித் தேடிப் பழகிய கண் அவளுக்கு. அண்ணனின் விரல் நுனிகளில் வெள்ளை ஒட்டியிருந்தது. கருப்புக் குடையின் கைப்பிடியிலும் இருந்தது.

கத்திக் கதை பொய் என்று, அவளைத் தவிர, அந்த வீட்டில் தெரிந்த ஒரே ஆள் அவர்தான்.

குடையை வாங்கிக்கொண்டாள்.

"அண்ணா, கையில மாவு ஒட்டியிருக்கு. கழுவிக்கோ," என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினாள்.