கழுவிக் கொடுத்த சாக்கு

போன வாரம் கிழக்கேகோட்டையில் பஸ்ஸுக்குக் காத்து நின்றபோது மழை பிடித்துக்கொண்டது. பக்கத்து மளிகைக் கடை வாசலில் ஒதுங்கினேன். உள்ளே ஒரு சுமைதூக்கி மூலையில் கிடந்த சாக்கு மூட்டையை இழுத்தார். அதன் அடிப்பாகம் கறுத்திருந்தது. "அண்ணாச்சி, அடி நனைஞ்சி போச்சு" என்றார். "மேல உள்ளத மட்டும் அள்ளுடே" என்றார் கடைக்காரர். மூட்டை நகர்ந்ததும் அந்த வாடை வந்தது. என் பஸ் வந்து, நின்று, போய்விட்டது. நான் ஏறவில்லை.

ஈரச் சாக்கு, காறிப்போன கடலைப் பிண்ணாக்கு, அதன்மேல் பச்சையாய்ப் படிந்த பூசணம். இவை மூன்றும் சேர்ந்த வாடை உங்களுக்குத் தெரிந்திருக்காது. எனக்கு அது நாற்பது வருஷத்துக்கு மேலான பழக்கம்.

அப்போது நான் கால்நடை ஆய்வாளராக வேலைக்குச் சேர்ந்த புதிது. பாறசாலைக்குத் தெற்கே, தமிழும் மலையாளமும் ஒரே பேச்சில் கலந்து வரும் எல்லைப் பக்கம். எனக்குத் தமிழ் தெரியும் என்று அங்கே போட்டார்கள். தம்பானூரில் ஒரு லாட்ஜ் அறை. அதன் சுவர்களும் மழைக்காலத்தில் பூக்கும். என் ஒரே தோல் பெல்ட்டில் வெள்ளை படிந்திருக்கும், துடைத்துக் கட்டிக்கொண்டு பஸ் ஏறுவேன். மடிப்புக் கலையாத சட்டை, பையில் இரண்டு பேனா. ஒன்று சிவப்பு. ஆடு பார்க்கப் போகிறவனுக்குச் சிவப்புப் பேனா எதற்கு என்று அப்போது யாரும் கேட்கவில்லை. ஒருமுறை, சினை ஆட்டுக்கு என்ன கொடுக்க வேண்டும் என்று நான் எழுதி வைத்திருந்த நான்கு பக்கங்களை ஓர் ஆடே தின்றுவிட்டது. அது எஸ்தர் அக்காவின் ஆடு. "நிங்க எழுதினது அதுக்காவது செமிச்சுதே சாரே" என்று அக்கா சிரித்தார்.

எஸ்தர் அக்காவுக்கு அப்போது ஐம்பது வயதிருக்கும். வீட்டில் அவரும் ஆடுகளும்தான். பெண்கள் குழு ஒன்றுக்கு எங்கள் ஆபீஸ் ஆடு கொடுக்கும் ஏற்பாட்டில் முதல் இரண்டு பெண்ணாடுகள் அவருக்கு வந்தன. சரியாக வளர்த்தால் ஆடுகள் அவருக்கே. பராமரிப்பு மோசம் என்று நான் எழுதிவிட்டால் திரும்பப் போய்விடும்.

மோசம் என்ற சொல்லுக்கு அங்கே இடமே இல்லை. இடுப்பு உயரக் கால்களின் மேல் கூடு. கமுகு மரத்தைக் கீறிய வாரிகளை இடைவெளி விட்டு அடித்த தரை. புழுக்கை கீழே விழுந்துவிடும். ஆடுகளுக்குச் சினை நான்காம் மாதம் ஆனதும் ஒரு மூலையில் வைக்கோல் விரித்தார். காலையில் அதை எடுத்து, கன்னத்தில் வைத்துப் பார்ப்பார். குளிர்ந்தால் ஈரம் என்று கணக்கு. அன்றைக்கு அந்த வைக்கோல் வெளியே போகும். பலா இலையைத் தண்ணீர் போக உதறி, கயிற்றில் உயரமாகக் கட்டுவார். "தறையில விழுந்தத எனக்க ஆடு தொடாது" என்பார். தறை என்றால் தரை. புதிதாக ஆடு கேட்கும் பெண்களை எல்லாம் நான் அங்கே கூட்டிக்கொண்டு போய்க் காட்டுவேன். என் கூட்டைக் காட்டுவதுபோல் அவ்வளவு பெருமை.

அந்த ஆடியில் ஆபீசுக்குத் தீவன மூட்டை வந்தது, கடலைப் பிண்ணாக்கு. சேமிப்பறையில் பலகை போட்டு அதன்மேல் ஏற்றி வைக்க வேண்டும். பலகை இரண்டடி தள்ளித்தான் கிடந்தது. பஸ்ஸுக்கு நேரமாகியிருந்தது. மூட்டையைச் சுவரோரம் வெறும் சிமெண்டுத் தரையில் சாய்த்துவிட்டுப் போனேன். பத்து நாள் மழை. பிறகு அதை அக்கா வீட்டில் இறக்கினேன். மேலே பார்க்க நன்றாகத்தான் இருந்தது.

ஒரு வாரம் கழித்துப் போனபோது அக்கா சொன்னார், "சாரே, அடியில உள்ளது பூப்பல் மணம் அடிக்கு. ஆடு மூக்கத் திருப்புகு." பூப்பல் என்றால் பூசணம்.

நான் சாக்குக்குள் கை விடவில்லை. குனியக்கூட இல்லை. சத்துள்ள தீவனம், சினை நேரத்தில் வீணாக்கக் கூடாது, கருப்பட்டி கலந்து வையுங்கள், தின்னும் என்றேன். அக்கா ஆட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "சார் படிச்சவருல்லா" என்றார். அன்று அது பாராட்டாகத்தான் காதில் விழுந்தது.

கருப்பட்டிக்கு ஆடுகள் ஏமாந்தன. நாலு நாளில் இரண்டும் அடுத்தடுத்து, மாதம் நிறையாமலே குட்டி வீசிவிட்டன.

தகவல் கிடைத்து நான் போய்ச் சேர்ந்தபோது, நகரத்திலிருந்து மேலதிகாரியான டாக்டரும் வந்திருந்தார். அக்கா அதற்குள் செத்த குட்டிகளைப் புதைத்து, வைக்கோலை அள்ளி எரித்து, கூடு முழுவதையும் தேய்த்துக் கழுவியிருந்தார். வாரிகளிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. டாக்டர் தரையில் கை வைத்துப் பார்த்தார். "எப்போதும் இப்படி ஈரமாகத்தான் கிடக்குமா?" என்று மலையாளத்தில் கேட்டார். மூலையில் வாய் மடித்த சாக்கு இருந்தது. அங்கிருந்து வாடை வந்துகொண்டிருந்தது. எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. ஆமாம் சார் என்றேன், நானும் மலையாளத்தில், ஏதோ அக்காவுக்கு அது புரியாது என்பதுபோல. அந்த ஊரில் யாருக்கு மலையாளம் புரியாது?

அக்கா கையில் துடைப்பத்தோடு நின்றிருந்தார். "நான் இப்பம் கழுவினதாக்கும்" என்று மெல்லச் சொன்னார். டாக்டர் என்னைப் பார்த்தார். நான் குறிப்பேட்டைப் பார்த்தேன். ஈரப் படுக்கை, பராமரிப்புக் குறைவு என்று எழுதினேன். சிவப்புப் பேனாவுக்கு அன்று வேலை வந்தது, அடிக்கோடு போட்டேன்.

அடுத்த வாரம் ஜீப் வந்து ஆடுகளை ஏற்றிக்கொண்டு போனது. அக்கா ஜீப்பின் கம்பியில் ஒரு கொத்துப் பலா இலையை உயரமாகக் கட்டிவிட்டார். ஞாயிற்றுக்கிழமை சர்ச் விட்டு வரும் பெண்கள், "எஸ்தருக்க தறை ஒணங்கிட்டா?" என்று கேட்டுச் சிரித்தார்களாம். நான் கூட்டிக்கொண்டு போய்க் காட்டிய அதே பெண்கள்.

பிறகு ஒரு நாள் அக்கா அலுவலகத்துக்கு வந்தார். கையில் அந்தச் சாக்கு, வெளுத்து, நான்காக மடித்தது.

"சாக்கு ஆபீசுக்கு உள்ளதுல்லா சாரே" என்றார். "மூணு வட்டம் அலசினேன். மணம் போவல்ல."

சொல்லிவிட்டு நின்றார். முகத்தில் கோபமில்லை. வைக்கோலைக் கன்னத்தில் வைத்துப் பார்க்கும்போது இருக்கும் அதே பார்வை. வாய் திறக்க எனக்கு அவ்வளவு நேரம் கொடுத்தார். நான், "அங்க வச்சிட்டுப் போங்க" என்றேன். போனார்.

அதன்பின் எனக்கு இடமாற்றம், பதவி உயர்வு எல்லாம் முறையாக வந்தன. பிற்காலத்தில் சினை ஆடு வளர்ப்பு பற்றி வகுப்புகூட எடுத்தேன். தீவனத்தைத் தரையில் வைக்காதீர்கள், ஆடு மூக்கைத் திருப்பினால் அதை நம்புங்கள் என்பேன். வைக்கோலைக் கன்னத்தில் வைத்துப் பார்க்கச் சொல்வேன். யாரிடம் கற்றேன் என்று ஒரு வகுப்பிலும் சொன்னதில்லை.

ஓய்வு பெற்ற பிறகு ஒருமுறை தேடிப் போனேன். முப்பது வருஷத்துக்கு மேல் தாமதம். கூடு நின்ற இடம் கல்யாண மண்டபத்தின் கார் நிறுத்துமிடமாகியிருந்தது. பலா மரமும் இல்லை. சர்ச் வாசலில் நின்ற ஒரு பெண், எஸ்தர் போய்ச் சேர்ந்து வருஷம் பலவாகிறது என்றார். பிறகு ஆடு வளர்த்தாரா என்று கேட்டேன்.

"இல்ல. கேட்டா, எனக்க தறை ஈரமாக்கும்னு சொல்லிச் சிரிப்பாவ."

இப்போது அந்தப் பக்கத்தில் ஆட்டுக்கூடுகளும் அதிகமில்லை. சணல் சாக்கைக்கூடக் காண்பது அரிது; போன வாரம் அந்தக் கடையில் கண்டதோடு சரி. டாக்டரும் இறந்துவிட்டார். எஸ்தர் அக்காவின் தறை காய்ந்துதான் கிடந்தது. அதைச் சொல்ல வேண்டியவன் அப்போதும் ஒருவன்தான் இருந்தான்.

மழை விட்டதும் அடுத்த பஸ்ஸில் ஏறினேன்.