உம் கொட்டிக் கேட்ட கதை

அந்தக் கிளப்பின் பெயரை நான் ஒரு நாளும் சரியாக உச்சரித்ததில்லை. "நீ அதைச் சொல்லாமலே இரு, உனக்குப் புண்ணியமாப் போகும்" என்று அவர் கையெடுத்துக் கும்பிடாத குறை. அதனால் இங்கேயும் எழுதவில்லை. கிரீஸ் நாட்டின் வடக்கே ஒரு துறைமுக ஊர், அந்த ஊரின் கால்பந்து கிளப். அவ்வளவு தெரிந்தால் போதும்.

அவர் என் ஆபீஸ்காரர், கிரேக்கர். ஐம்பதைத் தாண்டியவர், பிள்ளை குட்டி கிடையாது. இரண்டாயிரம் பிறந்தால் உலகத்துக் கம்ப்யூட்டரெல்லாம் குழம்பிப்போகும் என்று எல்லோரும் பயந்துகொண்டிருந்த காலம். அந்தப் பயத்தில்தான் எங்களைப் போன்றவர்களுக்குச் சோறு. என் கணவரை அவருடைய கம்பெனி டெக்ஸாஸில் இர்விங்குக்குத் தூக்கிப் போட்டிருந்தது. நான் நியூ ஜெர்சியில், ஈஸ்ட் பிரன்ஸ்விக் அபார்ட்மென்டில் தனியாக. கார் ஓட்டத் தெரியாது. ரோடு டெஸ்டில் இரண்டு தடவை ஃபெயில், மூன்றாவது தடவை போக ரோஷம் விடவில்லை. கிரேக்கர் வீடு பக்கத்துத் தெரு. "தினம் அந்தப் பக்கம்தானே போறேன், வந்து ஏறிக்கோ" என்றார். நானும் ஏறிக்கொண்டேன்.

ஏறின பிறகுதான் தெரிந்தது, மனுஷர் வாயை மூடவே மாட்டார் என்று. ரூட் ஒன் ஹைவேயில் டிராஃபிக் நகராது, இவர் பேச்சு நிற்காது. எல்லாம் அந்தக் கிளப் பற்றித்தான். ஞாயிற்றுக்கிழமை அவருடைய தம்பி ஊரிலிருந்து ஃபோனில் ஸ்கோர் சொல்வார். தோற்றிருந்தால் திங்கட்கிழமை எனக்கு ஏழரைதான். ஆட்டத்தை நடத்தும் ரெஃப்ரிகளையெல்லாம் தலைநகரத்துக்காரர்கள் விலைக்கு வாங்கிவிட்டார்கள் என்று ஸ்டியரிங்கைக் குத்துவார். ஹாரன் அடித்து முன்னால் போகிறவன் திரும்பி முறைப்பான். நான் சீட்டில் சரிந்து முகத்தை மறைத்துக்கொள்வேன்.

திரும்பத் திரும்பச் சொன்னதால் ஒரு பகுதி மட்டும் எனக்கு மனப்பாடம். அவருடைய தாத்தா பாட்டி தலைமுறை, கடலுக்கு அந்தக் கரையில், துருக்கிப் பக்கம் காலங்காலமாக வாழ்ந்த கிரேக்கர்கள். சண்டை வந்தது, அரசாங்கங்கள் உட்கார்ந்து பேசின, ஊர் ஊராகக் கிளப்பிவிட்டார்கள். வீட்டைப் பூட்டி, சாவியை எடுத்துக்கொண்டு கப்பல் ஏறினார்கள். வந்து இறங்கிய இடத்தில் "துருக்கிக்காரனுங்க வந்துட்டானுங்க" என்று இவர்களையே ஏளனம் செய்தார்கள். அந்த அகதிகள் சேர்ந்து ஆரம்பித்ததுதான் கிளப். சட்டையில் கருப்புப் பட்டை, வெள்ளைப் பட்டை. கருப்பு, விட்டுவந்த ஊருக்கான துக்கம். வெள்ளை, இனிமேலாவது விடியும் என்ற நம்பிக்கை. நெஞ்சில் இரட்டைத்தலைக் கழுகு, மைசூர்ப் பக்கம் பஸ்களில் பார்ப்போமே அதே ஜாடை. ஆனால் இந்தக் கழுகு இறக்கையை மடக்கி வைத்திருக்கும். அதுவும் துக்கத்தினால்தானாம்.

மிச்சக் கதையை நான் கேட்கவே இல்லை. அப்போது நான் முழுகாமல் இருந்தேன். மசக்கை என்றால் அப்படியொரு மசக்கை! வாயில் எலுமிச்சம்பழத்தோலை அடக்கிக்கொண்டு, கண்ணைத் திறந்தபடியே தூங்குவேன். அவர் பேச்சு எங்கேயாவது நின்றால் "உம்" என்பேன், இல்லாவிட்டால் "ஹவ் நைஸ்" என்பேன். யாராவது செத்த இடத்திலும் "ஹவ் நைஸ்" சொல்லியிருப்பேன், யார் கண்டது. ஓசியில் ஏற்றிக்கொண்டு போகிறவரிடம் "கொஞ்சம் சும்மா வாங்க" என்றா சொல்ல முடியும்?

பிரசவம் பார்க்க அம்மா கோபிசெட்டிபாளையத்திலிருந்து வந்து சேர்ந்தாள். அப்பாவின் பழைய வேட்டிகளைக் கிழித்து மடித்து ஒரு பெட்டி நிறையக் கொண்டுவந்திருந்தாள், பிறந்த பிள்ளையைப் பழந்துணியில்தான் சுற்ற வேண்டும் என்று. ஜூலையில் பையன் பிறந்தான். என் கணவர் ஒரு வாரம் லீவில் வந்து கொஞ்சிவிட்டு டெக்ஸாஸுக்குப் போய்விட்டார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை கிரேக்கர் வந்தார். ஒரு தட்டு நிறையக் கீரை வைத்துச் சுட்ட பணியாரம், ஒரு சின்னப் பார்சல். பிரித்தால் குழந்தைச் சட்டை. கருப்பு வெள்ளைப் பட்டை, கையால் தைத்தது, துவைத்துத் துவைத்து நூல் வெளுத்தது. நெஞ்சில் கழுகைப் பூத்தையல் போட்டிருந்தார்கள். பார்க்க இரண்டு தலைக் கோழி மாதிரி இருந்தது.

"இதைப் போட்டு ஒரு ஃபோட்டோ எடுத்துக் கொடு" என்றார். அவர்கள் ஊரில் மைதானத்துக்குப் பக்கத்தில் கிளப் ஆட்கள் கூடும் காப்பிக்கடை ஒன்று உண்டாம். தங்கள் வீட்டில் குழந்தை பிறந்தால் கிளப் சட்டையைப் போட்டுப் படமெடுத்து அந்தச் சுவரில் மாட்டுவார்களாம். "தம்பிகிட்ட சொல்லிட்டேன், சுவத்துல இடம் விட்டு வச்சிருக்கான். ஒன்பது மாசம் என் வண்டியில வந்த பையன் இவன். இவன் எங்க ஆளு."

சொல்லிக்கொண்டே சட்டையின் சுருக்கத்தை உள்ளங்கையால் நீவினார். சட்டையை எடுத்துக்கொண்டு தொட்டில் பக்கம் திரும்பினால், அம்மா குறுக்கே நிற்கிறாள்.

"ஏங்கண்ணு, உனக்குக் கிறுக்குப் புடிச்சுப் போச்சா? தீட்டுக்கூடக் கழியல, பச்சப் புள்ளைக்குக் கருப்பா?" என்று சிரித்த முகத்தோடே தமிழில் சொன்னாள். பிறகு அவரைப் பார்த்து, "நீங்க காப்பி குடிங்க" என்றாள்.

"அவங்க ஊர் வழக்கம்மா. ஒரே ஒரு ஃபோட்டோ."

"எழவு வீட்டு நெறத்தை என்ற பேரன் மேல போடவே கூடாது சாமி. அக்கட்டால வையி."

"அப்ப கன்னத்துல மைப்பொட்டு, கையில கருவளையல், அதெல்லாம் மட்டும் என்ன வெள்ளையா?"

"அது வேற, இது வேற. கண்ணு படாம இருக்க வைக்கிறது அது."

நான் அவர் பக்கம் திரும்பி, பிள்ளை இப்போதுதான் தூங்கினான், எழுந்ததும் எடுத்துத் தருகிறேன் என்று இங்கிலீஷில் சொன்னேன். பிள்ளை கொட்டக் கொட்ட விழித்துக்கொண்டிருந்தான். அவரும் அதைப் பார்த்தார். காப்பியைக் குடித்துவிட்டுப் போனார்.

அவர் போனதும் அம்மா சட்டையை விரல் நுனியில் தூக்கிப் பார்த்தாள். "அதும் புதுசில்ல பாரு. ஆரோ போட்டுக் கழட்டுனது." அம்மாவை மட்டும் சொல்லிக் குற்றமில்லை. எனக்கும் சுருக்கென்றிருந்தது. இத்தனை வருஷம் அமெரிக்காவில் சம்பாதிக்கிறவருக்கு ஒரு புதுச்சட்டை வாங்கவா வழியில்லை? நமக்கு இது போதும் என்று நினைத்துவிட்டாரா? அந்த அற்பப் புத்தி எனக்குள்ளே ஓடியது உண்மை. அபார்ட்மென்ட் வாசலில் பழைய துணி போடும் இரும்புப் பெட்டி இருந்தது. அம்மா ஒரு பையில் வேண்டாத துணியெல்லாம் அடைத்தாள், அதில் அந்தச் சட்டையும் போனதைப் பார்த்தேன். பையைக் கொண்டுபோய்ப் பெட்டிக்குள் தள்ளியது நான்தான். ஏதோ ஒரு ஏழைக் குழந்தை போட்டுக்கொள்ளட்டும் என்று எனக்கு நானே சமாதானம் வேறு.

செப்டம்பரில் மறுபடி வேலை, மறுபடி அவர் கார். ஏறி உட்கார்ந்ததும் கேட்பார்: "ஃபோட்டோ?" ஃபிலிம் ரோல் இன்னும் முடியவில்லை என்றேன். முடிந்துவிட்டது, கழுவக் கொடுத்திருக்கிறேன் என்றேன். கடைக்காரன் வேறு யார் படத்தையோ கொடுத்துவிட்டான் என்றேன். பொய் சொல்லச் சொல்ல நாக்குக்குச் சரளமாக வந்தது. அவர் ஒவ்வொன்றுக்கும் "பரவாயில்லை, அவசரமில்லை" என்றார். சுவரில் அந்த இடத்தில் வேறு படம் மாட்ட யாரோ வந்தார்களாம், தம்பி சண்டை போட்டுத் துரத்திவிட்டாராம்.

இர்விங்குக்கு ஃபோன் போட்டு அழுதேன். என் கணவர், "இதுக்கா அழற? கருப்பு வெள்ளைல ஏதாவது ஒரு ஷர்ட் வாங்கிப் போட்டு ஃபோட்டோ எடுத்துக் குடுத்துடு. தூரத்துல இருந்து எடு, யாருக்குத் தெரியப் போகுது?" என்றார். அட, இது தோன்றாமல் போச்சே என்றிருந்தது.

அக்டோபர் மாதம். மாலில் ஹாலோவீன் வேஷத்துக்காகக் குழந்தைத் துணிகள் குவிந்து கிடந்தன. அதில் கருப்பு வெள்ளைப் பட்டை போட்ட சட்டை, அளவும் சரி, காலர் வைத்து அழகாக வேறு இருந்தது. பையனுக்கு மூன்று மாதம் ஆகியிருந்ததால் அம்மாவும் முணுமுணுப்போடு விட்டுவிட்டாள். கழுகு இருக்க வேண்டிய இடத்தில் ஒரு கரடி பொம்மையை வைத்து மறைத்து, க்ளிக். பிரின்ட் வந்ததும் ஒரு கவரில் போட்டு மறுநாள் காலையில் காரிலேயே கொடுத்தேன்.

வழியில் ஒரு மெத்தைக் கடைப் பக்கத்துச் சிக்னலில் சிவப்பு விழுந்திருந்தது. அவர் ஆசையாகக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு படத்தை வெளியே எடுத்தார். பார்த்தார். பச்சை விழுந்தது, பின்னால் ஹாரன் அடித்தார்கள், கார் நகரவில்லை. பிறகு மெதுவாக ஓட்டி, மெத்தைக் கடை பார்க்கிங்கில் நிறுத்தினார்.

"இது ரெஃப்ரி சட்டை" என்றார்.

எனக்குப் புரியவில்லை. அமெரிக்க விளையாட்டுகளில் ரெஃப்ரிகள்தான் இப்படிப் பட்டைச் சட்டை போடுவார்கள் என்று கிரிக்கெட் தவிர வேறு எதையும் பார்த்திராத எனக்கு என்ன தெரியும்! ரெஃப்ரியைத் திட்டாமல் ஒரு திங்கட்கிழமைகூடக் கழியாத மனுஷரிடம், பிள்ளைக்கு ரெஃப்ரி வேஷம் போட்டுப் படம் கொடுத்திருக்கிறேன்.

"என் சட்டை எங்கே?" என்று கேட்டார்.

அதற்கு மேல் என்னால் தாங்க முடியவில்லை. எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். அம்மா, தீட்டு, கருப்பு, இரும்புப் பெட்டி, நானே தள்ளியது, எல்லாம். "உங்க தம்பிகிட்டச் சொல்லி இன்னொண்ணு வரவழைங்க, இன்னிக்கே போட்டு விடறேன், அம்மா என்ன சொன்னாலும் சரி" என்றேன்.

"இன்னொண்ணு கிடையாது. என் அம்மா தைச்சது. முதல்ல நான் போட்டேன், அப்புறம் தம்பி போட்டான். அதுக்கப்புறம் போட எங்க வீட்ல பிள்ளை இல்ல. உன்கிட்ட சொன்னேனே."

"எப்ப சொன்னீங்க?"

"ஏப்ரல் மாசம், இதே சிக்னல்ல. உனக்குக் கொடுக்கட்டுமான்னும் கேட்டேன். 'ஹவ் நைஸ்'னு சொன்ன."

எனக்கு உடம்பெல்லாம் கூசிப்போயிற்று. அம்மா பொத்திப் பொத்திக் கடல் தாண்டிக் கொண்டுவந்த பழந்துணிக்கும் அவர் கொடுத்த பழந்துணிக்கும் என்ன வித்தியாசம் என்று அந்தக் கணத்தில்தான் உறைத்தது. "அம்மா வேணும்னு பண்ணல, எங்க ஊர்ல கருப்புன்னா..." என்று இழுத்தேன்.

"கருப்பு சாவு நிறம்னு எனக்குத் தெரியாதா? சாவு நிறம்னுதான் அவங்க அதை எடுத்துப் போட்டுக்கிட்டாங்க. உங்கம்மா மேல எனக்குக் கோபமே இல்லை. நான் தமிழ்ல ஒரு வார்த்தை பேசினது இல்லை, இருந்தும் அந்தச் சட்டை என்னன்னு அவங்களுக்குப் பார்த்ததும் புரிஞ்சது. ஒன்பது மாசம் நான் சொல்லியும் உனக்குப் புரியல."

படத்தைக் கவருக்குள் வைத்து என்னிடமே திருப்பிக் கொடுத்துவிட்டு வண்டியை எடுத்தார். அன்றைக்குச் சாயங்காலம் அந்த இரும்புப் பெட்டிக்குள் கையை விட்டுத் துழாவினேன். எத்தனையோ தடவை லாரி வந்து அள்ளிக்கொண்டு போன பெட்டி, அதில் என்ன இருக்கும்! பெட்டி மேலிருந்த நம்பருக்கு ஃபோன் செய்தால், துணியெல்லாம் எங்கெங்கோ போய்விடும் என்றார்கள். நான் அழுததைப் பார்த்து அம்மா, "சொல்லியிருக்கலாமுல்ல கண்ணு, அவிங்க அம்மா தைச்சதுன்னு" என்றாள். அவள் மேல் எரிந்து விழுந்தேன். அவளிடம் சொல்ல எனக்கே தெரிந்திருக்கவில்லையே.

மறுநாள் அவர் வரமாட்டார் என்று நினைத்தேன். அதே நேரத்துக்கு வந்து நின்றார். பையன் நன்றாகத் தூங்குகிறானா என்று கேட்டார், கிறிஸ்துமஸுக்கு அவனுக்கு ஒரு நீலக் கம்பளிச் சட்டைகூட வாங்கிக் கொடுத்தார். எல்லாம் பழையபடி. கிளப் பேச்சு மட்டும் இல்லை. ரேடியோவில் டிராஃபிக் நியூஸ் ஓடும், இரண்டு பேரும் அதைக் கேட்டுக்கொண்டே போவோம். திங்கட்கிழமைகளில் நானாகக் கேட்பேன், "நேத்து என்ன ஆச்சு?" என்று. "ஜெயிச்சாங்க" என்பார், இல்லாவிட்டால் "தோத்தாங்க" என்பார். ஸ்டியரிங்கைக் குத்த மாட்டாரா என்றிருக்கும் எனக்கு.

வெளியே பனி கொட்டி, கார்களெல்லாம் நகராமல் நின்ற ஒரு நாள் காலையில் என்னால் பொறுக்க முடியவில்லை. "உங்க தாத்தா பாட்டி எந்த ஊர்ல இருந்து கப்பல் ஏறினாங்க?" என்று கேட்டேன். நிஜமாகவே தெரிந்துகொள்ள வேண்டும்போல இருந்தது. இந்தத் தடவை ஒரு வார்த்தை விடாமல் கேட்க வேண்டும் என்று திரும்பி நிமிர்ந்து உட்கார்ந்திருந்தேன்.

அவர் ரோட்டைப் பார்த்தபடியே ஹீட்டரை என் பக்கமாகத் திருப்பி வைத்தார். "ஆபீஸ் வர இன்னும் நேரமிருக்கு" என்றார். "நீ தூங்கு."