பாப்பாயி தடவிப் பார்த்த இரண்டு வயிறுகள்

மலையூர்கள் சேர்ந்த ஆலத்தூர் நாட்டில் ஒரு நாய் சினையா இல்லையா என்று தெரிய வேண்டுமானால் பாப்பாயியைக் கூப்பிடுவார்கள். நாற்பத்தைந்து வயதிருக்கும். புருஷன் போன பிறகு சாமைக் காட்டையும் பத்து ஆடுகளையும் தனியாகவே பார்த்துக்கொண்டிருந்தாள். நாய்களைப் பற்றி அவளுக்கு யாரும் சொல்லித் தரவில்லை. ஆட்டு வயிற்றைத் தடவிப் பழகிய கை நாயிடமும் போயிற்று, அவ்வளவுதான். இணை சேர்ந்த நான்காவது வாரம் அடிவயிற்றை இருபுறமும் மெதுவாகப் பிடித்தால் நெல்லிக்காய் போல உருண்டைகள் தட்டுப்படும். அதற்கு முன்பும் தெரியாது, பின்பும் கலங்கிவிடும் என்பாள். சினை நாய்க்கு ஒரே வேளையில் வயிறு முட்டப் போடாதீர்கள், கொஞ்சம் கொஞ்சமாக மூன்று வேளை கூழ் ஊற்றுங்கள், வேலி தாண்ட விடாதீர்கள் என்பாள். நாள் நெருங்கியதும் விறகு அடுக்குக்குப் பின்னால் பழந்துணி விரித்து, ஆள் நடமாட்டமில்லாமல் பார்த்துக்கொள்ளச் சொல்வாள்.

பொங்கலுக்கு மறுநாள் ஊரோடு வேட்டைக்குப் போவார்கள். நாய் வளர்க்கிற வீடெல்லாம் நாயை அனுப்பியாக வேண்டும். சினை நாய்க்கு மட்டும் விலக்கு. சினையா என்று முடிவு சொல்வது பாப்பாயி.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்து நான்காம் வருடம் மார்கழிக் கடைசியில் அவள் இரண்டு வயிறுகளைத் தடவிப் பார்த்தாள். ஒன்று அவளுடைய செம்பி. மற்றது மேல்வீட்டுக் காளியண்ணனின் கருப்பி. இரண்டும் கார்த்திகைக் கடைசி வாரத்தில் இணை சேர்ந்தவை. செம்பி சினை என்றாள். கருப்பி அன்றைக்கு வயிற்றை இறுக்கிக்கொண்டு நெளிந்தது; கைக்கு ஒன்றும் அகப்படவில்லை. வெறும் கொழுப்பு என்று சொல்லிவிட்டாள்.

கருப்பி வேட்டைக்குப் போயிற்று. புதரிலிருந்து பாய்ந்த பன்றி அதன் அடிவயிற்றுத் தோலைக் கிழித்துவிட்டது. காளியண்ணன் தோளில் போட்டுத் தூக்கி வந்தான். மஞ்சளைக் குழைத்துப் பூசி அவன் மனைவி ராமாயி நாயைப் பிழைக்க வைத்தாள். புண் ஆறிக்கொண்டே வர, வயிறும் பெருத்துக்கொண்டே வந்தது. ராமாயிக்குப் புரிந்துவிட்டது. பாப்பாயிக்கும் புரிந்தது. இருவரும் ஓடையில் பார்த்துக்கொண்டால் தண்ணீரைப் பற்றி மட்டும் பேசினார்கள்.

செம்பிக்கும் வயிறு கனத்து மடி இறங்கியது. துணியை இழுத்துப் போய் விறகுக்குப் பின்னால் படுத்தது. நாள் வந்தது; கடந்தது. குட்டி வரவில்லை. நான்கு நாள் போனதும் வயிறு தானாக வற்றியது, பால் மட்டும் சொட்டிக்கொண்டிருந்தது. இது பொய்ச்சினை என்றும், அன்றைக்குத் தன் விரலுக்குக் கிடைத்தது குடலில் கட்டியிருந்த மலம் என்றும் பாப்பாயி தெரிந்துகொண்டாள். குட்டி வேண்டுமென்று அவள் ஆசைப்பட்டிருந்தாள். விரல் எதைத் தொட்டிருந்தாலும் நெல்லிக்காய் என்றுதான் சொல்லியிருப்பாள்.

ஊர் சும்மா இருக்குமா? செம்பி பன்றிக்குப் பயந்து சினை வேஷம் போட்டதென்று ஓடையில் சிரித்தார்கள். அத்தாயி என்பவள் நேராகவே கேட்டாள்: "ஏனக்கா, எத்தன குட்டி? எண்ணி முடியலயா இன்னும்?"

அந்த வாரமே கருப்பி ஐந்து குட்டி போட்டது. புண் ஆறிய இடம் கல்லாக இறுகி, காம்புகளில் பாலில்லை. குட்டி வாய் வைத்தால் வலியில் உறுமித் தள்ளியது. ராமாயி ஆட்டுப்பாலைத் துணியில் நனைத்து வைத்தாள். குட்டிகள் சப்பத் தெரியாமல் கத்தின. செய்தி பாப்பாயிக்கு அன்று காலையிலேயே எட்டிவிட்டது. செம்பியின் மடியையும் பார்த்தாள். குட்டிகளுக்குப் பால் கொடுக்க அதைக் கூட்டிப் போனால் நாய்க்குச் சினையில்லை, பால் மட்டும்தான் என்று தன் வாயாலேயே சொல்ல வேண்டும். நாளைக்குப் பார்க்கலாம் என்று களை வெட்டப் போய்விட்டாள்.

அந்த ஒரு நாளில் இரண்டு குட்டிகள் செத்தன.

மறுநாள் காலையில் கயிறு போட்டுச் செம்பியை மேல்வீட்டுக்கு நடத்திக்கொண்டு போனாள். காளியண்ணன் வாசலில் கொடுவாள் தீட்டிக்கொண்டிருந்தான். அவள் நின்றபடியே சொன்னாள்.

"மாப்பிள்ள, ரெண்டு வயிறும் நாந் தப்பாச் சொன்னேன். உங்கூட்டு நாய் போயிருக்கவே கூடாது. நேத்தே இவளக் கொண்டாந்திருக்கோணும். வெக்கப்பட்டுட்டு உக்காந்துட்டேன்."

அவன் தீட்டுவதை நிறுத்தவில்லை. "உள்ள கொண்டு போங்க அத்தை," என்றான்.

வேற்று நாயின் குட்டியைக் கடித்துப் போடுகிற தாயும் உண்டு. அதனால் செம்பி படுத்த துணியை எடுத்து மூன்று குட்டிகளையும் அதன் வாசம் ஏறும்வரை துடைத்தாள். செம்பியின் கழுத்துக் கயிற்றைக் கையில் சுற்றிக்கொண்டு ஒரு குட்டியை மட்டும் முன்னால் விட்டாள். நாய் மோந்தது. பிறகு நாக்கு நீண்டது. குட்டியை உருட்டி உருட்டி நக்கிற்று. மற்ற இரண்டையும் விட்டபோது செம்பி தானே சரிந்து படுத்தது.

மூன்றும் பிழைத்தன. காளியண்ணன் அவளுக்கு நன்றி சொல்லவில்லை, அவளும் எதிர்பார்க்கவில்லை. செம்பியை ஒரு மாதம் அங்கேயே விட்டுவிட்டு, தினமும் கூழ் கொண்டுபோய் ஊற்றி வந்தாள்.

அடுத்த மார்கழியிலும் அவளைக் கூப்பிட்டார்கள். அர்த்தனாரி என்பவரின் நாயை வெகு நேரம் தடவிப் பார்த்துவிட்டு, "எனக்குத் தெரியலீங்க. சந்தேகமிருந்தா ஊட்லயே கட்டி வெய்யுங்க," என்றாள். தெரியாது என்று சொல்லவா இவளைக் கூப்பிட்டோம் என்று அவர் முணுமுணுத்தார். முணுமுணுத்தாலும், வேட்டையன்று நாய் அவர் வீட்டில்தான் கட்டிக் கிடந்தது.